அமெச்சூர் தொலைக்காட்சி: பண்பேற்றியும் மைக்ரோகண்ட்ரோலரும்

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நம் நாட்டில் தொடங்கிய செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, மறு ஆண்டு ஜூலை 31 வரை நடைபெற்றது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸ்ஸா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகப் படங்களைப் பெற்றன. கோழி வளர்ப்போர் பயன்படுத்தும் கம்பிவலையைக் கொண்டு செய்த, 3 மீட்டர் விட்டமுள்ள கிண்ண ஆன்டெனாவே கிராமத்தில் இதற்குப் போதுமானதாயிற்று. விண்ணில் சுமார் 36,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து 860 மெகாஹெர்ட்ஸில் வந்த அந்த அலை, படத்தை அதிர்வெண் பண்பேற்ற முறையில் ஏந்தி வந்தது. நகரங்களில் அக்காலத்தில் நடந்த தரைவழி ஒளிபரப்பு இதற்கு மாறாக வீச்சுப் பண்பேற்ற முறையைக் கையாண்டது. மெலிந்து வரும் அலையிலிருந்து தெளிந்த படத்தைப் பெற வேண்டுமாயின், அலைவரிசையில் கூடுதல் இடத்தைச் செலவிட்டு அதிர்வெண் பண்பேற்றத்தை நாடவேண்டும் என்பது அன்று கிராமத் திடல்களில் மெய்ப்பிக்கப்பட்டது.

தம் வீட்டு மேசையிலேயே தொலைக்காட்சி டிரான்ஸ்மிட்டர் ஒன்றை அமைக்க முனையும் அமெச்சூர் வானொலியாளரும் இதே கேள்வியைத்தான் முதலில் எதிர்கொள்கிறார். கூடுதல் இடம் இருக்கிறதா? இருந்தால் அந்த இடத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

அமெச்சூர் தொலைக்காட்சி என்பது ஒளிபரப்பு அன்று. ஒரு நிலையத்தார் மற்றொரு நிலையத்தாருக்கு அசையும் படத்தை அனுப்பிப் பெறும் தொழில்நுட்பப் பயிற்சியே அது. பொதுமக்களுக்காக நிகழ்ச்சி நடத்துவதற்கோ வணிகத்துக்கோ அமெச்சூர் உரிமம் இடந்தருவதில்லை. பிரிட்டனில் இத்துறைக்கென 1949இலேயே ஒரு கழகம் அமைந்தது. அங்குக் குன்றுக்குக் குன்று படம் அனுப்புவது நெடுநாளைய வழக்கம். நம் நாட்டில் இதில் ஈடுபட்டோர் மிகச் சிலரே. 1999ஆம் ஆண்டு ஒரிஸ்ஸாப் புயல், 2001ஆம் ஆண்டு குஜராத் நிலநடுக்கம், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை ஆகியவற்றின்போது அமெச்சூர் வானொலியாளர் ஆற்றிய தொண்டு பெரிது; ஆனால் அது குரலால் ஆற்றிய தொண்டு. பேரிடரில் படம் குரலுக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொலைக்காட்சிப் பண்பேற்றியைக் கட்டுவதன் முதற்பயன் கல்வி. படச்சைகை, உயர் அதிர்வெண் மின்சுற்று, கட்டுப்பாட்டு முறை, மென்பொருள் ஆகிய நான்கையும் ஒரே பெட்டிக்குள் மாணவரைச் சந்திக்க வைக்கும் பயிற்சிகள் அதிகம் இல்லை.

முதலில் அலைவரிசை

நம் நாட்டு அமெச்சூர் உரிமத்தில் இடம்பெறும் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையின் அகலம் 4 மெகாஹெர்ட்ஸே. தூர்தர்ஷன் கையாண்ட 625 வரிப் ‘பால்-பி’ முறையில் படச்சைகைக்கு மட்டும் 5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஒலியின் ஊர்தி அலை படத்தின் ஊர்தி அலையினின்று 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். மொத்தத்தில் ஓர் அலைவழிக்கு 7 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கப்பட்டது. நான்கு முழம் துணியில் ஏழு முழ வேட்டி நெய்ய இயலாது. அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களில் எழுதப்பட்ட வரைபடங்களை அப்படியே பின்பற்றி, 70 சென்டிமீட்டர் அலைவரிசையில் வண்ணப் படத்தை வீச்சுப் பண்பேற்றம் செய்து அனுப்ப முனையும் மாணவர் இங்குதான் வழுக்கி விழுகிறார். வெளிநாட்டில் அந்த அலைவரிசை 430 முதல் 440 வரையிலோ அதற்கு மேலோ பரந்திருக்கிறது. நம்மிடம் அது இல்லை.

அடுத்து 1,260 முதல் 1,300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. இங்கு 40 மெகாஹெர்ட்ஸ் இடமிருப்பதால் அதிர்வெண் பண்பேற்றம் இயலும். ஊர்தி அலை தன் நடுநிலையிலிருந்து இருபுறமும் விலகும் அளவை விலக்கம் என்பர். விலக்கம் 3.5 மெகாஹெர்ட்ஸ், ஏற்றப்படும் சைகையின் உச்ச அதிர்வெண் ஒலியின் துணை ஊர்தியாகிய 5.5 மெகாஹெர்ட்ஸ் எனக் கொண்டால், கார்சன் விதிப்படி இரண்டையும் கூட்டி இரட்டித்த 18 மெகாஹெர்ட்ஸே வேண்டிய அகலமாகும். எனவே நடு அதிர்வெண் 1,269க்குக் கீழும் 1,291க்கு மேலும் செல்லலாகாது. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இவை மைக்ரோகண்ட்ரோலரின் நிரலுக்குள் புகும்.

இந்த அலைவரிசையில் அமெச்சூர் இரண்டாம் நிலை உரிமையாளர் மட்டுமே. ரேடார்களும், செயற்கைக்கோள் வழிகாட்டிச் சேவைகளும் இங்கு முதல் நிலையில் உள்ளன. ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பு 1,278.75 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு ஒரு சைகையை அனுப்புகிறது. விண்ணிலிருந்து வரும் அந்தச் சைகை தரையை அடையும்போது இரைச்சலுக்கும் கீழே மெலிந்திருக்கும். அருகில் ஒரு வாட் ஆற்றலுடன் பரந்து நிற்கும் தொலைக்காட்சி அலை அதனை மூழ்கடித்துவிட முடியும். 2023இல் துபாயில் நடைபெற்ற உலக வானொலித் தொடர்பு மாநாடு இப்பொருளை எடுத்துக்கொண்டது. அமெச்சூர் சேவை அந்த அலைவரிசையிலிருந்து நீக்கப்படவில்லை. ஆனால் வழிகாட்டிச் சேவைக்கு இடையூறு நேராமல் காப்பதற்கான நெறிகளைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்துள்ளது. ஆகவே இங்கு விவரிக்கப்படும் அகன்ற பண்பேற்றியின் முறையான இடம் ஆய்வுக்கூடமேயாகும்: கம்பிவடம் வழியாகவும், ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கும் போலிச் சுமையின் மேலும் இயக்கிக் கற்பதற்கு உரியது அது. ஆன்டெனாவில் இணைப்பதென்றால் உரிமத்தில் அந்த அலைவரிசையும் அந்தப் பண்பேற்ற வகையும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அப்போதும் குறுகிய தூரத்துக்குக் குறைந்த ஆற்றலே தகும். அந்தச் சூழ்நிலையில் டிரான்ஸ்மிட்டர் சொன்ன இடத்தில் நிற்கிறதா என்பது முதற்கேள்வியாகிறது.

படச்சைகை

காமிராவிலிருந்து வரும் கூட்டுப் படச்சைகை, 75 ஓம் சுமையின் குறுக்கே அடி முதல் முடி வரை 1 வோல்ட் அளவுடையது. இதில் 0.3 வோல்ட் ஒத்தியங்கு துடிப்புகளுக்கு உரியது, எஞ்சிய 0.7 வோல்ட் கருமையிலிருந்து வெண்மை வரையிலான ஒளியளவைக் குறிக்கும். ஒரு வரிக்கு 64 மைக்ரோவினாடி. அதில் ஒத்தியங்கு துடிப்பு 4.7 மைக்ரோவினாடியும், கண்ணுக்குத் தெரியும் படப்பகுதி 52 மைக்ரோவினாடியும் கொள்ளும். வினாடிக்கு 50 புலங்கள், இரண்டு புலங்கள் சேர்ந்து ஒரு முழுப்படம். ஆக, படச்சைகை 50 ஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு லட்சம் மடங்கு பரந்து கிடக்கிறது. ஒலியோடு மட்டுமே பழகியவருக்கு இந்தப் பரப்பு வியப்பளிக்கும். சுற்றில் ஏற்படும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தப் பரப்பின் இரு முனைகளிலுமே பிறக்கின்றன.

மேல்முனையில் உள்ள தொல்லை இரைச்சல். அதிர்வெண் பண்பேற்றத்தில், ஏற்றிய சைகையின் அதிர்வெண் உயர உயர இரைச்சலும் உயர்கிறது. இதனை ஈடுசெய்யப் படச்சைகையின் கீழ்ப்பகுதியை அடக்கி மேல்பகுதியை உயர்த்தி அனுப்புகின்றனர்; வாங்கியில் அதற்கு எதிர்மாறான சுற்று அதனைச் சமன்செய்கிறது. 625 வரி முறைக்கான சர்வதேசப் பரிந்துரைப்படி, மிகத் தாழ்ந்த அதிர்வெண்கள் 11 டெசிபெல் குறைக்கப்படுகின்றன, உயர்ந்தவை சுமார் 3 டெசிபெல் கூட்டப்படுகின்றன, 1.512 மெகாஹெர்ட்ஸில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சில மின்தடைகள், ஒரு மின்தேக்கி, ஒரு கம்பிச்சுருள் ஆகியவற்றால் இதனைக் கட்டிவிடலாம். அதன் பின் என்.இ.592 போன்ற படச்சைகைப் பெருக்கி ஒன்று குறைந்த அளவை மீட்டுத் தரும்.

ஒலிக்குத் தனி வழி. மைக்கின் சைகை பெருக்கப்பட்டு, 5.5 மெகாஹெர்ட்ஸில் அதிரும் சிறிய அலையியற்றியை அதிர்வெண் பண்பேற்றம் செய்கிறது. அந்தத் துணை ஊர்தி படச்சைகையுடன் மிகக் குறைந்த அளவில் கலக்கப்படுகிறது. 5.5 எனத் தேர்வதற்குக் காரணம் எளியது: நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் அதற்கான வடிப்பிகள் கிடைக்கின்றன.

படமும் ஒலியும் கலந்த இந்தச் சைகை வாரக்டர் டயோடு ஒன்றை அடைகிறது. தனக்குத் தரப்படும் மின்னழுத்தத்துக்கேற்பக் கொண்மம் மாறும் டயோடு அது. 1,280 மெகாஹெர்ட்ஸில் அதிரும் அலையியற்றியின் ஒத்ததிர்வுச் சுற்றில் அதனை அமைத்தால், படத்தின் ஒளியளவுக்கேற்ப அலையியற்றியின் அதிர்வெண் ஏறி இறங்கும். பண்பேற்றி என்பது இவ்வளவே. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு வாரக்டர், விரல் நீளப் பித்தளைத் துண்டு ஆகியவற்றைக் கொண்டு ஒரே மாலையில் இதனைச் செய்து படத்தையும் காணலாம். அந்த மகிழ்ச்சி அரைமணி நேரமே நீடிக்கும். பெட்டி சூடேறும், அதிர்வெண் நகரும், சில மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போயிருப்பது படம் கலைந்த பிறகே தெரியவரும்.

வளையத்தின் சிக்கல்

நகரும் அலையியற்றியைப் படிகத்துடன் பிணைப்பதே பரிகாரம். இதற்கு உதவுவது கட்டப்பூட்டு வளையம் என்னும் அமைப்பு. அலையியற்றியின் அதிர்வெண்ணை ஒரு பெரிய எண்ணால் வகுத்து, படிகத்திலிருந்து பெறப்பட்ட சிறிய அதிர்வெண்ணுடன் ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கேற்ப வாரக்டரின் மின்னழுத்தத்தைத் திருத்துவது அதன் வேலை. தொலைக்காட்சிப் பெட்டிகளின் டியூனர்களுக்கென வடிக்கப்பட்ட டி.எஸ்.ஏ.5511 போன்ற ஒருங்கிணைந்த சுற்றுகள் அமெச்சூர்களுக்குக் கிடைத்த பெரும் பேறாகும். தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பு, சில இடங்கள் நீங்கலாக, 2022க்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய பெட்டிகள் காயலான் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அவற்றின் டியூனர்களில் இத்தகைய சுற்றுகளைத் தேடிப் பெறலாம்.

கணக்கு மிக நேர்த்தியானது. 4 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 512ஆல் வகுத்தால் 7,812.5 ஹெர்ட்ஸ். அலையியற்றியின் அதிர்வெண் முதலில் 8ஆலும், பின்னர் நாம் தரும் எண்ணாலும் வகுக்கப்படுகிறது. எனவே அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டினால் அதிர்வெண் 62.5 கிலோஹெர்ட்ஸ் உயரும். 1,280 மெகாஹெர்ட்ஸுக்கு வேண்டிய எண் 20,480. இதனை இரண்டு பைட்டுகளாகப் பிரித்தால் மேல்பைட்டு 80, கீழ்பைட்டு சுழி. 1,269க்கு 20,304, 1,291க்கு 20,656.

இனித்தான் மெய்யான சிக்கல். அலையியற்றி நகராமல் காப்பது வளையத்தின் கடமை. அலையியற்றியை நகர்த்துவது படச்சைகையின் கடமை. இரண்டும் ஒரே வாரக்டரைப் பற்றி எதிரெதிராக இழுக்கின்றன. வளையத்துக்குப் படமென்றும் வெப்பநிலை மாற்றமென்றும் வேறுபாடு தெரியாது. அதிர்வெண் மாறியதும் திருத்தப் புறப்பட்டுவிடும். வளையம் வேகமாக இயங்கினால், படத்தின் மெதுவான பகுதிகளைப் பிழையெனக் கருதி அழித்துவிடும். திரையில் மேலிருந்து கீழாக ஒளியளவு சரிவதும், பெரிய வெண்பரப்புகள் மங்குவதும், புல ஒத்தியக்கம் தவறிப் படம் உருள்வதும் இதனாலேயே. எனவே வளையத்தின் வேகம் 50 ஹெர்ட்ஸுக்கு மிகக் கீழே, சில ஹெர்ட்ஸ் அளவில் இருத்தல் வேண்டும். அதற்காக வளைய வடிப்பியின் மின்தேக்கியைப் பெருக்கினாலோ வேறொரு தொல்லை முளைக்கிறது. அதிர்வெண் தன்னிடம் சென்று அமர நெடுநேரமாகிறது. அந்நேரமெல்லாம் டிரான்ஸ்மிட்டர் வேண்டாத இடங்களில் உலவிக்கொண்டிருக்கும். பெட்டியை விரலால் தட்டினால்கூடப் படம் நடுங்கும். மெதுவான வளையத்தால் அந்த நடுக்கத்தைத் திருத்த இயலாது. ஆகையால் அலையியற்றியைத் தடித்த தகரப் பெட்டிக்குள் ஆடாது அசையாது பற்றவைத்தல் வேண்டும். இதற்கு மென்பொருளில் மாற்று இல்லை.

மெதுவாகவும் இருக்கவேண்டும், விரைவாகவும் சேரவேண்டும் என்ற முரண்பாட்டை நீக்கும் இடத்தில்தான் மைக்ரோகண்ட்ரோலர் முதன்முதலாக இன்றியமையாததாகிறது. மேற்சொன்ன சுற்றில் வளைய வடிப்பிக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ கட்டளை மூலம் அமைத்துக்கொள்ளலாம். அதிர்வெண்ணை மாற்றும்போது பெரிய மின்னோட்டம். வளையம் விரைந்து பூட்டிக்கொள்ளும். பூட்டியபின் சிறிய மின்னோட்டம். வளையம் மந்தமாகிப் படத்துக்கு வழிவிடும். கட்டை முறுக்கிச் செய்வதானால் மனிதர் இதனை ஒருநாள் செய்வார், மறுநாள் மறப்பார்.

கட்டளையும் காவலும்

மைக்ரோகண்ட்ரோலர் என்பது செயலி, நினைவகம், உள்வாயில், வெளிவாயில் அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கிய சிறு கணிப்பொறி. இன்று கல்லூரி மாணவர் கையில் அர்டுவினோ பலகையாக அது தவழ்கிறது. இரண்டே கம்பிகளால் ஒருங்கிணைந்த சுற்றுகளுக்குக் கட்டளை தரும் ‘ஐ-2-சி’ முறையை 1980களின் தொடக்கத்தில் வகுத்தது பிலிப்ஸ் நிறுவனம். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் உறுப்புகளை இணைப்பதே அதன் தொடக்க நோக்கம். பெட்டியிலிருந்து பெயர்த்தெடுத்த உறுப்புகள் மைக்ரோகண்ட்ரோலருடன் உடனே பேசத் தொடங்குவது இதனாலேயே.

மாணவர் பலர் எண்ணுவதற்கு மாறாக, இந்த அமைப்பில் மைக்ரோகண்ட்ரோலர் படத்தைத் தொடுவதே இல்லை. அதன் வேலை காவற்காரன் வேலை. மின்சாரம் வந்தவுடன் அது செய்யவேண்டிய முதற்செயல், திறன் பெருக்கிக்கு மின்சாரம் செல்லாமல் தடுப்பது. இந்தத் தடையை மென்பொருளிடம் மட்டும் ஒப்படைத்தல் கூடாது. கட்டுப்பாட்டு முனை செயலற்றுக் கிடக்கும்போதும் பெருக்கி அணைந்தே இருக்குமாறு ஒரு மின்தடையால் பிணைத்துவிட வேண்டும். பின்னர் வகுக்கும் எண்ணையும் பெருமின்னோட்டக் கட்டளையையும் எழுத வேண்டும். அதன்பின் சுற்றின் நிலைப்பைட்டைப் படித்தால், வளையம் பூட்டியதா என்பதை ஒரு பிட்டு கூறும். அது ஒருமுறை ‘ஆம்’ என்றதும் நம்பிவிடலாகாது. இலக்கை நெருங்கும் வளையம் கணநேரம் பூட்டியது போல் காட்டி மீண்டும் விலகுவதுண்டு. இருபது முறை அடுத்தடுத்துக் கேட்டு, இருபது முறையும் ஒரே விடை வந்தபின் மின்னோட்டத்தைச் சிறிதாக்கி, சற்றுப் பொறுத்து, மறுபடியும் கேட்டபின்பே பெருக்கியைத் திறக்க வேண்டும்.

நிலைப்பைட்டில் மற்றொரு பிட்டும் உண்டு. இடையில் சுற்றுக்கு மின்சாரம் அறுந்து மீண்டதா என்பதை அது தெரிவிக்கும். மின்னழுத்தம் கணநேரம் தாழ்ந்து மீள்வது நம் ஊர்களில் அன்றாட நிகழ்ச்சி. மைக்ரோகண்ட்ரோலர் அந்தத் தாழ்வைத் தாங்கிக்கொள்ள, வளையச் சுற்று மட்டும் தனக்குத் தந்த எண்ணை மறந்துவிட்டால், திரையில் 1,280 என்று எழுதியிருக்கும். அலையோ வேறெங்கோ இருக்கும். இந்தப் பிட்டைக் கவனியாத நிரல்கள் மிகப் பல. மைக்ரோகண்ட்ரோலரே உறைந்து நின்றுவிட்டால் அதனை மீண்டும் தொடக்கத்துக்குத் திருப்பும் காவற்கடிகாரத்தையும், மின்னழுத்தத் தாழ்வை உணரும் அமைப்பையும் இயக்கி வைத்தல் கட்டாயம்.

முன்னர்க் குறித்த 20,304, 20,656 என்ற இரு எண்களும் இங்கு வேலிகளாகின்றன. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும், நினைவகத்தில் சேமித்த எண் கெட்டுப்போயிருந்தாலும், இந்த வேலிக்கு அப்பாற்பட்ட எண்ணை நிரல் எழுத மறுக்க வேண்டும். எண்ணைப் பொத்தானிலிருந்து பெறும் இடத்தில் இந்தச் சோதனையை வைப்பதைவிட, சுற்றுக்கு எழுதும் கடைசி வரிக்கு முன்னால் வைப்பதே பாதுகாப்பு.

மைக்ரோகண்ட்ரோலரால் வரும் தொல்லை ஒன்றும் உண்டு. 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் எண்பதாவது மடங்கு சரியாக 1,280 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது. மேலும், கட்டளைக் கம்பிகளில் துடிப்புகள் ஓடும்போதெல்லாம் திரையில் வெண்புள்ளிகள் சிதறும். கட்டுப்பாட்டுப் பலகையைத் தனிப் பெட்டியில் அடைத்து, உள்ளே செல்லும் ஒவ்வொரு கம்பியையும் ஊடுகடத்தும் மின்தேக்கி வழியாகவே விடுவதால் முதல் தொல்லை அடங்கும். இரண்டாவதற்கு அழகானதொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு புலத்தின் தொடக்கத்திலும் சுமார் 25 வரிகள் படமின்றி வெறுமையாகச் செல்கின்றன, அதாவது 1.6 மில்லிவினாடி. நொடிக்கு ஒரு லட்சம் பிட்டு வேகத்தில் நிலைப்பைட்டைப் படிக்க ஏறத்தாழ 0.2 மில்லிவினாடியே ஆகும். எல்.எம்.1881 போன்ற பிரிப்பான் ஒன்று புலத்தின் தொடக்கத்தை அறிவிக்க, மைக்ரோகண்ட்ரோலர் அந்த வெறுமையான நேரத்தில் மட்டும் கேள்வி கேட்டு விடை பெறலாம். காவலும் நடக்கும்; படத்தில் ஒரு புள்ளியும் தோன்றாது.

அதே சில்லு நிலையத்தின் அடையாளக் குறியையும் திரையில் எழுத வல்லது. 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு வரியின் 64 மைக்ரோவினாடி மிகச் சரியாக 1,024 துடிப்புகளாகும். 1,000 ஓம், 470 ஓம் மின்தடைகள் இரண்டை இரு வெளிவாயில்களிலிருந்து 75 ஓம் சுமைக்கு இணைத்தால், 5 வோல்ட் மின்னழுத்தத்தில் முன்னது சுமார் 0.35 வோல்ட்டையும் பின்னது 0.69 வோல்ட்டையும் தரும். ஒத்தியங்கு துடிப்புக்கும் வெண்மைக்கும் இவை போதும். காமிரா இல்லாதபோதும் வி.யு. எனத் தொடங்கும் தன் அழைப்புக்குறியை நிலையம் இவ்வாறு காட்டலாம். இவ்வேலைக்கு நேரக்கணக்கு மிகக் கண்டிப்பாக இருப்பதால், காவல் வேலையைச் செய்யும் சில்லினிடம் இதனையும் சுமத்தாமல், இரண்டாவது சில்லு ஒன்றை அமர்த்துவது நன்று.

அளந்து பார்த்தல்

விலக்கம் 3.5 மெகாஹெர்ட்ஸ் என எழுதிவிடுவது எளிது. அதனை அளப்பது எப்படி? விலையுயர்ந்த கருவி இல்லாத ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு வழி உண்டு. அதிர்வெண் பண்பேற்றத்தில், விலக்கத்தை ஏற்றப்படும் அதிர்வெண்ணால் வகுத்து வரும் எண் 2.405ஐ எட்டும்போது நடு ஊர்தி அலை முற்றிலும் மறைந்துவிடும் என்பது பெசல் கணிதத்தின் முடிவு. 3.5ஐ 2.405ஆல் வகுத்தால் 1.455. எனவே படச்சைகைக்குப் பதிலாக 1.455 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையை அடி முதல் முடி வரை 1 வோல்ட் அளவில் செலுத்தி, விலக்கக் கட்டையைச் சுழியிலிருந்து மெல்ல உயர்த்த வேண்டும். கணிப்பொறியில் செருகும் மலிவான மென்பொருள் வாங்கி ஒன்றில் 1,280 மெகாஹெர்ட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தால், நடுக்கோடு படிப்படியாகத் தாழ்ந்து ஓரிடத்தில் மறையும். முதன்முதலாக மறையும் அந்த இடமே 3.5. இந்த 1.455 மெகாஹெர்ட்ஸ், முன்னழுத்தச் சுற்று கூட்டவும் குறைக்கவும் செய்யாத 1.512க்கு மிக அருகில் இருப்பதால், சுற்றைக் கழற்றாமலே அளக்கலாம். கட்டை அந்த இடத்தில் நிற்கட்டும். அதன்மேல் ஒரு துளி வார்னிஷ் வைத்து விடுவது பழைய பணிமனை வழக்கம்.

இந்த அளவுகள் அனைத்தும் 50 ஓம் போலிச் சுமையின் மேல், தக்க தணிப்பி வழியாகச் செய்யப்படவேண்டியவை. இரண்டாம் மடங்காகிய 2,560 மெகாஹெர்ட்ஸ் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும். அதற்கு மலிவான வாங்கிகளின் எட்டு போதாது, அலைமாலை ஆய்வி தேவை. பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் அது இருக்கிறது. பூட்டிய அலமாரியில் இருப்பதே குறை. வளையம் பூட்டாத நிலையில் காவல் செயற்படுகிறதா என அறிய, படிகத்தை ஒருமுறை கழற்றி மின்சாரம் தந்து பார்ப்பது நல்ல சோதனை. பெருக்கி திறக்குமானால் நிரல் தோற்றது.

எண்ணியல் வழி

அகன்ற அனலாக் அலைக்கு இடம் சுருங்கிவரும் இன்றைய நிலையில், 434 முதல் 438 வரையிலான நான்கு மெகாஹெர்ட்ஸுக்குள் படம் அனுப்ப எண்ணியல் முறையே வழி. செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு வகுத்த முறையை மிகக் குறைந்த வேகத்தில், வினாடிக்கு 333 ஆயிரம் குறியீடுகளாக அனுப்பினால், 0.45 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அசையும் வண்ணப்படம் அடங்கிவிடும். அனலாக் முறையில் 18 மெகாஹெர்ட்ஸ் கேட்ட படம் இது. 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர்களுக்கெனத் தனிக்கருவி உள்ளது. கிழக்குத் தீர்க்கரேகை 26 பாகையருகே நிலைத்து நிற்கும் அது நம் நாட்டிலிருந்தும் தெரியும். வீட்டுத் தொலைக்காட்சிக்குரிய சிறு கிண்ண ஆன்டெனாவைக் கொண்டு, 10.5 கிகாஹெர்ட்ஸ் அருகே பல நாட்டு அமெச்சூர்கள் இவ்வகையில் அனுப்பும் படங்களைப் பெற்றுப் பார்க்கலாம். மாணவர் எண்ணியல் தொலைக்காட்சியை அனுப்பும் முன், பெறுவதிலிருந்து தொடங்க இது ஏற்ற வாய்ப்பு.

எண்ணியல் முறையில் படத்தைச் சுருக்கும் பணி சிறு மைக்ரோகண்ட்ரோலரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. பிரிட்டிஷ் கழகத்தார் வெளியிட்ட வடிவமைப்பில் அதனை ராஸ்பெர்ரி பை கணிப்பொறி ஏற்கிறது. ஆனால் அந்தக் கணிப்பொறி இயங்கத் தொடங்குவதற்கே பல வினாடிகள் பிடிக்கும். இடையில் அது உறைந்து நிற்பதும் உண்டு. அலையியற்றி பூட்டியதா, அதிர்வெண் வேலிக்குள் இருக்கிறதா, சைகை வருகிறதா என்று பார்த்துத் திறன் பெருக்கியைத் திறக்கும் பொறுப்பை அதனிடம் விடாமல், அனலாக் பண்பேற்றிக்கு எழுதிய அதே காவல் நிரலுடன் அதே சிறு சில்லை அங்கும் அமர்த்தலாம். மாறவேண்டியவை வேலியின் இரண்டு எண்களும், எந்த வளையச் சுற்றுக்கு எழுதுவது என்ற சில வரிகளுமே.